உள்ளே மடித்த கரை

கரையைக் காணோம். இந்திராணி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள், காணோம்தான். மேலே முந்தி இருக்கிறது, நடுவே உடல் இருக்கிறது, காலையிலிருந்து அவள் அடித்த எழுத்தெல்லாம் வரிவரியாக அப்படியே இருக்கிறது, வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சாம்பல் நிறத்தில் ஓடுமே, அந்தக் கரை மட்டும் இல்லை. வெறும் வெள்ளை. அந்தக் கரையைப் பிடித்து இழுத்தால்தான் பக்கம் கீழே இறங்கும், இறங்கினால்தான் 'பதிவிடு' என்ற பச்சைப் பொத்தான் வரும், அதை அமுக்கினால்தான் கதையின் கடைசி அத்தியாயம் வெளியே போகும், மதியம் பன்னிரண்டுக்குள் போகாவிட்டால் கதைத் தளத்துக்காரர்கள் போட்டியை மூடிவிடுவார்கள், இத்தனை மாதம் கண்ணை எரித்துக்கொண்டு எழுதியது 'முடிவுறாத கதைகள்' என்ற மூலையில் போய்க் கிடக்கும், தலையில்லாமல் கிடந்தாலாவது பரவாயில்லை, கால் இல்லாமல் கிடக்கும். கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமலே தெரிந்தது. பின்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாட்டை முடித்துவிட்டுத் தமிழ்ப் பாட்டுக்குப் போயிருந்தார்கள், பாட்டு முடிந்தால் சின்ன வகுப்புகளுக்குச் சாப்பாட்டு மணி, அந்த மணி அடித்தால் பன்னிரண்டு. பாடுங்கள் பிள்ளைகளா, மெல்லப் பாடுங்கள், ஒரு பாட்டுக்கு இரண்டு பாட்டாகப் பாடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

கரை என்பது அவளாக வைத்துக்கொண்ட பேர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோய் டவுனில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் சேலை மடிக்கப் போனபோது அவளுக்கு உலகமே மூன்று துண்டுதான், முந்தி, உடல், கரை. வாடிக்கைக்காரர்கள் விரித்துப் பார்த்துவிட்டு எறிந்த சேலைகள் கீழே இருந்து கூடை கூடையாக மேலே வரும், கரையோடு கரையைச் சேர்த்து உதறி மடித்துத் திரும்பக் கீழே அனுப்ப வேண்டும், கல்யாணம் ஆகும்வரை அதுதான் வேலை. வருஷங்கள் கழித்து, மகன் வாங்கிப் போட்டுவிட்டுக் கப்பல் வேலைக்குப் போன இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் மருமகள் சிந்துஜா அவளை உட்காரவைத்து, இது டேப் அத்தை, இது அட்ரஸ் பார், இது ஸ்க்ரோல் பார் என்று சொல்லச் சொல்ல, மண்டையை மண்டையை ஆட்டினாளே தவிர ஒன்றும் உள்ளே தங்கவில்லை. அடுப்படியில் வெங்காயம் நறுக்கும்போது யோசித்துப் பார்த்தால், அட, இது விரித்துப் போட்ட சேலைதானே. மேலே முந்தி, நடுவே உடல், ஓரத்தில் கரை. அப்புறம் மறக்கவே இல்லை. வெளியே சொன்னதும் இல்லை, சொன்னால் சிரிப்பார்கள். பெண்கள் எழுதும் தொடர்கதைகள் குவிந்து கிடக்கிற அந்தத் தளத்தைக் காட்டியதும் சிந்துஜாதான், நான் போன்ல படிக்கிறது உங்களுக்குப் பொடி எழுத்தா இருக்கும் அத்தை, நீங்க இதுல பெருசா வச்சுப் படிங்க என்று. படித்தாள். படித்துப் படித்து ஒரு நாள், இவ்வளவுதானா, இதை நானும் சொல்லுவேனே என்று தோன்றிவிட்டது. தோன்றியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், ஆனால் விரல் கேட்கவில்லை. தென்றல்மதி என்று ஒரு பேர், 'உப்பளத்தில் ஒரு குடை' என்று ஒரு கதை. இந்திராணிதான் தென்றல்மதி என்பது வீட்டில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

எல்லாம் அந்த ஆரஞ்சுப் பொட்டால் வந்தது. காலையில் திறந்தபோது மேல் மூலையில் 'புதுப்பிக்கவும்' என்று ஒன்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. சிந்துஜா அதைப் பார்த்தால் யோசிக்காமல் அமுக்குவாள். நல்ல நாளும் அதுவுமாக, கடைசி அத்தியாயம் எழுதுகிற அன்றைக்கு, புதுசாக இருக்கட்டுமே என்று இவளும் அமுக்கினாள். திரையில் ஜன்னல் மூடிக்கொண்டது, மறுபடி திறந்துகொண்டது, முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது, முகம் கழுவிப் பவுடர் போட்ட மாதிரி. அந்தப் பளிச்சைப் பார்த்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எதுவும் அதிகமாகச் சுத்தமாக இருந்தால் எதையோ தூக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடிக்கிற ஜோரில் ஓரத்தைப் பார்க்கவே இல்லை, வரி முடிய முடியப் பக்கம் தானாக நகர்ந்தது, கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு, பழக்கத்தில் கை வலது ஓரத்துக்குப் போனபோதுதான் பிடிக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. உடைத்துவிட்டேனா. இது உடைகிற சாமானா. மகன் சம்பளத்தில் வாங்கியது, மருமகள் நம்பிக் கொடுத்தது. "ஏளா, மோர் இருக்கா?" என்று முன்னறையிலிருந்து அவள் வீட்டுக்காரர் கேட்டார். "ஃபிரிட்ஜ்ல இருக்கு, எடுத்துக்கிடுங்க." "பெருங்காயம் போட்டிருக்கா?" "போட்டிருக்கு." "அங்கன என்ன செய்த இவ்வளவு நேரம்?" "கோலம் பாத்துட்டு இருக்கேன்." "மாசக்கணக்காப் பாக்க, வாசல்ல என்னமோ அதே நாலு புள்ளிதான் கெடக்கு." அவர் தன் பகடிக்குத் தானே சிரித்துக்கொள்வது கேட்டது. சிரிக்கட்டும். ஜன்னலைச் சின்னதாக்கினாள், பெரிதாக்கினாள், இந்தப் பக்கம் இழுத்தாள், அந்தப் பக்கம் தள்ளினாள், எதற்காவது பின்னால் கரை ஒதுங்கி நிற்குமோ என்று. இல்லை.

மவுஸின் நடுவில் ஒரு சக்கரம் உண்டு, அதைச் சுற்றினால் பக்கம் இறங்குமாம், ஆனால் அது மகன் இருக்கும்போதே செத்துப்போனது, இப்போது சுற்றினால் சுற்றுகிறது, அவ்வளவுதான். அணைத்துவிட்டுப் போட்டால் சரியாகிவிடும், டிவிக்கு அப்படித்தான். கை பொத்தான்வரை போய்த் தீப்பட்ட மாதிரித் திரும்பியது. எழுதியதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் மட்டும்தான் இருக்கிறது, வேறு எங்கேயும் இல்லை, 'சேமி' என்ற பொத்தானும் கீழேதான் இருக்கிறது, அணைத்தால் கதையின் மாமியார் தெய்வானை போச்சு, மருமகள் யாழினி போச்சு, குடை போச்சு. கீழ்நோக்கிய அம்புக்குறி போட்ட விசையை அமுக்கினாள். எழுத்துகளுக்கு நடுவே நிற்கிற குச்சி ஒரு வரி இறங்கி, கடைசி வரியில் முட்டி நின்றது, பக்கம் அசையவில்லை. நீளப் பட்டையை அமுக்கினாள், கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வெற்றிடம்தான் விழுந்தது. அப்போது ஒரு யோசனை, வரிக்குக் கீழே வரி போட்டுக்கொண்டே போனால் பக்கம் இறங்கித்தானே ஆக வேண்டும். என்டரைத் தட்டினாள், தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். பக்கம் இறங்கியது. இறங்க இறங்க, கட்டமும் கூடவே நீண்டது. பச்சைப் பொத்தான் அதற்கும் கீழே, அதற்கும் கீழே என்று தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. தானே பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தபோது சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. எல்லாவற்றையும் ஒவ்வொரு தட்டாக எண்ணி அழித்துக்கொண்டு வந்தாள், ஒரு தட்டு அதிகமாகப் போய்விட்டால் கடைசிப் புள்ளியும் போகும், அதற்கு மேலே கடைசி வார்த்தையும் போகும். புள்ளி தெரிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் பாட்டின் இரண்டாம் பகுதிக்கு வந்துவிட்டார்கள்.

சிந்துஜாவைக் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. அவளைத்தான் கேட்கக் கூடாது. போன மாதம் சாப்பிடும்போது சிந்துஜா போனைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துக்கொண்டு, "இந்தத் தென்றல்மதிக்கு மாமியார்னா என்ன கோபமோ அத்தை, தெய்வானைய இப்படிப் பேயா எழுதுறாங்க" என்றாள். இந்திராணி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "மருமகளை வீட்டைவிட்டு அனுப்பிட்டா, அவ உப்பளத்துல வெயில்ல கெடக்கா. கடைசில என்ன நடக்கும்னு நான் இப்பவே சொல்லுதேன். மாமியாருக்கு நெஞ்சுவலி வரும், மன்னிப்புக் கேட்டுட்டு செத்துருவா. முடிக்கத் தெரியாதவங்க எல்லாம் யாரையாவது கொன்னுதான் முடிப்பாங்க." ரசம் தட்டில் விழாமல் மேஜையில் விழுந்தது. ஏனென்றால் நெஞ்சுவலி தயாராக இருந்தது, ஆஸ்பத்திரிக் கட்டில், கையைப் பிடித்து அழுகை, எல்லாம் மனசுக்குள் எழுதியே முடித்திருந்தாள். அத்தனையையும் தூக்கிப் போட்டாள். போட்டுவிட்டு வேறு முடிவு கிடைக்காமல் எத்தனை நாள் துணியை ஊறப்போட்டுவிட்டு மறந்தாள், சோற்றில் உப்பு போட்டோமா என்று ருசித்துப் பார்த்தே வயிற்றை நிரப்பினாள். முடிவு கிடைத்தது நேற்றுத்தான், மொட்டைமாடியில் வடகம் காயவைக்கும்போது. மேலே வெயில் சுட, சிந்துஜா காயப்போட்டிருந்த தன் துப்பட்டாவை உருவி, கேட்காமலே இவள் தலையில் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள். அவ்வளவுதான். அதிலிருந்து வந்த அத்தியாயம் இது. இதை அவள் படிக்க வேண்டும். அவள் படிப்பதற்காக எழுதியது. ஆனால் எழுதியது யார் என்று தெரியாமல் படிக்க வேண்டும், தெரிந்தால் மாமியாருக்காகப் பாராட்டுவாள், அந்தப் பாராட்டு யாருக்கு வேண்டும்.

இருந்தாலும் போன் போட்டாள். பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் ஓரத்தைப் பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம். "சொல்லுங்க அத்தை" என்றாள் சிந்துஜா, பின்னால் அவள் ஆபீசின் சத்தம். "ஒண்ணுமில்லம்மா, இந்தக் கம்ப்யூட்டர்ல கரை போயிருச்சு" என்றாள். பதற்றத்தில் வாய் அவளுடைய சொந்தப் பேரைச் சொல்லிவிட்டது. "கறையா? போயிருச்சுன்னா நல்லதுதான அத்தை." "நல்லதா? இல்லம்மா, கரை இல்லாம எப்படி?" "எதை வச்சுத் துடைச்சீங்க? தண்ணி தெளிச்சிரலையே?" "துடைக்கவே இல்ல. அதுவாப் போயிருச்சு." "அதுவாப் போச்சா? அப்ப விடுங்க. திரும்ப வந்தா, லேசா ஈரத்துணிய வச்சு ஒத்தி எடுங்க, அழுத்தித் தேய்ச்சிராதீங்க." "வராதுன்னுதானம்மா பயமா இருக்கு." "அத்தை, உங்களுக்கு ஒண்ணும் செய்யலையே? மதியம் வேணா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகவா?" "வேண்டாம், வேண்டாம். நீ ஏன் வெயில்ல வார." "சரி, பன்னெண்டு மணிக்கு மட்டும் கூப்பிடாதீங்க, ஒரு கதையோட கடைசி அத்தியாயம் வருது. அந்த மாமியா எப்படிச் சாகுதுன்னு நான் பாக்கணும்." வைத்துவிட்டாள். இந்திராணி போனைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கறை, எனக்குக் கரை. வாயில் இரண்டும் ஒரே சத்தம். ஒருத்தி அழுக்கைப் பற்றிப் பேசியிருக்கிறாள், ஒருத்தி ஓரத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாள், ஒரு வார்த்தைகூடத் தட்டாமல் பேசி முடித்தும் இருக்கிறார்கள். உலகத்தில் பாதிப் பேச்சு இப்படித்தான் நடக்கிறதோ என்னவோ.

பாட்டுச் சத்தம் நின்றுவிட்டது. இனி மணிதான். ஒன்றும் ஓடாதபோது கை எதையாவது துடைக்கும், இந்திராணியின் கைக்கு அது பிறவிப் பழக்கம். முந்தானை நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு திரையைத் துடைத்தாள், மேலே, நடுவே, இடப்பக்கம். முழங்கை மவுஸில் இடித்தது. வலது ஓரத்தில் ஒரு கறை இருந்தது. தலைமுடி அளவுக்கு ஒரு சாம்பல் கோடு. சிந்துஜா சொன்னபடி வந்தேவிட்டது பார் என்று நினைத்துக்கொண்டு ஒத்தி எடுத்தாள். போய்விட்டது. பாக்கி இடத்தைத் துடைக்கப் போனாள், மறுபடியும் முழங்கை இடித்தது, மறுபடியும் கறை, அதே இடத்தில். ஒத்தினாள். போய்விட்டது. துணியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்தால் போகிற கறை திரும்பி வராது. திரும்பி வருகிற கறை துடைத்தால் போகாது. போகவும் வரவும் செய்கிற கறை கறையே இல்லை. அப்போது அவளுக்கு ஜவுளிக்கடை மாடியில் மடித்த பட்டுச் சேலைகள் ஞாபகம் வந்தன. சாதாச் சேலைக்குக் கரை வெளியே தெரிய மடிப்பார்கள். பட்டுக்கு அப்படி இல்லை, ஜரிகை கறுத்துப்போகும் என்று கரையை உள்ளே வைத்து மடிப்பார்கள், வெளியே பார்த்தால் வெறும் துணிக்கட்டு, கீழே கடைக்காரர் ஓரத்தில் விரலைவிட்டு ஒரு உதறு உதறினால்தான் கரை பளீரென்று விழும். புதுசாக்கியவர்கள் சாதாச் சேலையாக இருந்ததைப் பட்டாக்கியிருக்கிறார்கள். கரை போகவில்லை. உள்ளே மடித்திருக்கிறார்கள். மவுஸைப் பிடித்து மெல்ல அசைத்தாள். முடி போலக் கோடு வந்தது. அது மறைவதற்குள் அம்பை அதன்மேல் கொண்டுபோய் வைத்தாள், ஈயை அமுக்குகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு. கோடு பருத்தது. விரல் அகலத்துக்கு, பழைய கரை, சாம்பல் நிறம், அதே முகம். அழுத்திப் பிடித்தாள். இழுத்தாள்.

இறங்கியது. கதை மேலே ஏறிப் போக, அதன் அடியில் கோடு, கோட்டின் அடியில் விதிமுறைகள், விதிமுறைகளின் அடியில் பச்சைப் பொத்தான். அவள் அதைத் தேடித் தவித்த தவிப்பு எதுவும் தெரியாத மாதிரி அது பாட்டுக்கு இருந்தது. அமுக்கினாள். ஒரு வட்டம் சுற்றியது. பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிறவர் மணியைத் தொட்டிருக்க வேண்டும், முதல் அடி விழுந்தது, வட்டம் நின்றது, 'உங்கள் பதிவு வெளியாகிவிட்டது, தென்றல்மதி' என்று வந்தது, இரண்டாவது அடி விழுந்தது. பிள்ளைகள் ஹோவென்று வெளியே ஓடிவருகிற சத்தம் ஜன்னல் வழியாக அவள்மேல் வந்து விழுந்தது. அது தனக்குத்தான் என்று வைத்துக்கொண்டாள், யார் கேட்கப்போகிறார்கள். எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து நின்றாள். கம்ப்யூட்டரை உடைக்கவில்லை, கரையைத் தொலைக்கவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. "ஏளா, சோறு ஆச்சா?" "குக்கர்ல இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க" என்றாள். மோருக்குச் சரி, சோற்றுக்கு அவர் முப்பது வருஷத்தில் கேட்காத பதில் அது. அப்புறம் தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. அவள் அதோடு விடவில்லை. ஒளிந்து விளையாடுகிற கரையோடு தினமும் மல்லுக்கட்ட முடியுமா. கம்ப்யூட்டரின் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து, தேடுகிற கட்டத்தில் கரை என்று அடித்தாள், அதற்கு அவள் பாஷை தெரியவில்லை. சிந்துஜா சொன்ன பேரை எழுத்துக்கூட்டி ஸ்க்ரோல் என்று அடித்தாள். வந்தது, 'உருள்பட்டைகளை எப்போதும் காட்டு' என்று, பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்சோடு. உருள்பட்டையாம். பேர் வைக்கத் தெரியாதவர்கள். சுவிட்சைத் தள்ளினாள். கரை முழு அகலத்துக்கு வந்து, மேலிருந்து கீழ்வரை, எங்கேயும் போகாமல் நின்றது.

அவள் சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் அடித்தது. சிந்துஜா. குரல் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது. "அத்தை, அந்தக் கறை என்னாச்சு?" "அது கறை இல்லம்மா. சேலைக் கரை. நீ ஸ்க்ரோல் பார்னு சொன்னியே, அது. ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு." "ஐயோ, அதுவா" என்று சிந்துஜா சிரித்தாள், சிரிக்கும்போது மூக்கை உறிஞ்சினாள். "அப்டேட் பண்ணா அப்படித்தான் அத்தை. செட்டிங்ஸ்ல ஒண்ணு இருக்கு, சாயந்திரம் வந்து மாத்தித் தாரேன்." "மாத்திட்டேன்." "யாரு?" "நான்தான்." பிறகு சிந்துஜா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கொல்லல அத்தை" என்றாள். "யாரை?" "அந்த மாமியாவை. நான் சொன்னது தப்பாப் போச்சு." "அப்படியா. பின்ன என்ன செஞ்சாங்களாம்?" என்று கேட்டுக்கொண்டே இந்திராணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். "சொல்லட்டுமா? கேக்கீங்களா?" "சொல்லு, கேக்கேன்." சிந்துஜா ஆரம்பித்தாள், உச்சி வெயில் அத்தை, உப்பளம் பூராவும் வெள்ளையா மின்னுது, யாழினி ஒருத்திதான் நிக்கா, தூரத்துல ஒரு குடை வருது. இந்திராணி கரையைப் பிடித்து அத்தியாயத்தின் முதல் வரிக்கு ஏற்றினாள், அவள் சொல்லச் சொல்ல அதே வேகத்தில் மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள். சிந்துஜா ஒரு வரியைக்கூட விடவில்லை. வாசனைகளைக்கூடச் சொன்னாள். எழுதியதில் இல்லாத ஒன்றிரண்டையும் சேர்த்துச் சொன்னாள், அவையும் நன்றாகத்தான் இருந்தன. கரை அடியைத் தொட்டபோது சிந்துஜா நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு, தெய்வானை பேசுகிற கடைசி வரியைச் சொன்னாள்: "குடை சின்னதா இருக்கு, கிட்ட வந்து நில்லு." அப்புறம், "எப்படி அத்தை?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கே" என்றாள் இந்திராணி.